விசை கைமாறும் இடம்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சுமை ஏறிய உறுப்புகளிலும் அவற்றைச் சேர்க்கும் மூட்டுகளிலும் உண்டாகும் தகைவையும் உருமாற்றத்தையும் கணக்கிடுவது பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். இது நம் துறையின் அரிச்சுவடி. ஆனாலும் சென்ற நூற்றாண்டின் பெரிய இடிபாடுகளில் பல இந்த அரிச்சுவடியில் ஒரு வரி விடுபட்டதால் நேர்ந்தவை. விடுபட்ட வரி பெரும்பாலும் மூட்டைப் பற்றியது. தளத்தின் பாரம் உத்திரத்துக்கும், உத்திரத்தின் பாரம் தூணுக்கும், தூணின் பாரம் அடித்தளத்துக்கும் போகிறது. ஒவ்வொரு முறையும் அது ஓர் உறுப்பை விட்டு இன்னோர் உறுப்புக்குக் கைமாறுகிறது. அந்தக் கைமாற்றத்தைக் கணக்கிடாத வரை ஒரு கட்டடத்தைக் கணக்கிட்டு முடித்ததாகச் சொல்லக் கூடாது. இந்த ஒன்றைத்தான் இன்று வலியுறுத்த விரும்புகிறேன்.

உறுப்பின் கணக்கு

காலிலியோ 1638-இல் வெளியான தம் நூலில், ஒரு முனை சுவரில் பதிந்து மறுமுனையில் எடை தொங்கும் மர உத்திரத்தை எடுத்துக்கொண்டு, அது எந்த எடையில் முறியும் என்று கேட்டார். கேள்வி சரியானது. அவர் கண்ட விடையோ, இன்றைய மீட்சிக் கணக்கோடு ஒப்பிட்டால், மரத்துக்கு மூன்று மடங்கு வலிமையைக் கொடுத்தது. குறுக்குவெட்டு முழுவதும் ஒரே அளவு இழுபடுகிறது என்று அவர் எடுத்துக்கொண்டதே காரணம். 1678-இல் ஹூக், விசைக்கு ஏற்ற விகிதத்தில் பொருள் நீள்கிறது என்று அறிவித்தார். 1744-இல் ஆய்லர், ஒல்லியான தூண் நசுங்குவதற்கு வெகு முன்பே பக்கவாட்டில் நெளிந்துவிடும் என்று காட்டினார். வளையும் உத்திரத்தில் ஒரு பக்கம் இழுபட, மறுபக்கம் அமுங்க, நடுவில் இரண்டுமற்ற ஒரு தளம் இருக்கும் என்பதையும் அதன் சரியான இடத்தையும் நேவியர் 1826-இல் பாரிஸில் அச்சிட்ட விரிவுரைகளில் நிலைநாட்டினார். காலிலியோவின் கேள்விக்கு நம்பத்தக்க விடை கிடைக்க இரண்டு நூற்றாண்டுகளுக்கு அருகில் ஆகியிருக்கிறது.

இன்று அந்த விடை முதலாண்டு மாணவரின் கையில் இருக்கிறது. 32 மி.மீ. விட்டமுள்ள எஃகுக் கம்பியில் 90 கிலோநியூட்டன், அதாவது ஏறத்தாழ 9 டன், தொங்குவதாகக் கொள்வோம். கம்பியின் பரப்பு 804 சதுர மி.மீ. ஆகவே தகைவு ஒரு சதுர மி.மீட்டருக்கு 112 நியூட்டன். எஃகின் மீட்சிக் குணகம் 2,00,000 என்பதால், 10 மீட்டர் நீளக் கம்பி 5.6 மி.மீ. நீளும். சாதாரணக் கட்டமைப்பு எஃகு 250 நியூட்டன் தகைவில்தான் இளகத் தொடங்கும். கம்பி பாதுகாப்பாக இருக்கிறது. இந்தக் கம்பியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சற்று நேரத்தில் அதனிடம் திரும்ப வேண்டியிருக்கும்.

அடுத்து ஓர் உத்திரம். ஓர் ஆலையின் நடைமேடைக்கு 6 மீட்டர் இடைவெளியில் ஐ.எஸ்.எம்.பி. 300 உத்திரம் போடுகிறோம். இரு முனைகளும் சாதாரணத் தாங்கல்; மேலே உள்ள தகடு உத்திரத்தைப் பக்கவாட்டில் நெளியாமல் பிடித்திருக்கிறது. மீட்டருக்கு 20 கிலோநியூட்டன் பரவிய சுமை, அதோடு உத்திரத்தின் சொந்த எடை. நம் நாட்டு விதிநூலான ஐ.எஸ். 800, 2007 பதிப்பின்படி சுமையை ஒன்றரை மடங்காக்கிக் கணக்கிட்டால், உத்திரத்தின் நடுவே வளைக்கும் திருப்புத்திறன் சுமார் 138 கிலோநியூட்டன்-மீட்டர். உத்திரம் தாங்கக்கூடியது 148. வலிமையில் தேறிவிட்டது.

தொய்வைப் பார்ப்போம். 20 கிலோநியூட்டன் சுமையில் நடுப்பகுதி 19.6 மி.மீ. தொய்கிறது. இடைவெளியில் 300-இல் ஒரு பங்கு வரை, அதாவது 20 மி.மீ. வரை, விதிநூல் அனுமதிக்கிறது. இங்கும் தேறிவிட்டது. ஆனால் அதே உத்திரத்தின் மேல் விரிசல் விடக்கூடிய தளப்பூச்சு இருந்தால், வரம்பு 360-இல் ஒரு பங்காகச் சுருங்கி 16.7 மி.மீ. ஆகிறது. உத்திரம் உடையப் போவதில்லை. என்றாலும் அந்த வேலைக்கு அது உதவாது. தகைவு ஒரு கேள்வி, உருமாற்றம் வேறொரு கேள்வி. ஒன்றில் தேறியது மற்றதில் தவறலாம் என்பதை இந்தச் சிறிய கணக்கே காட்டிவிடுகிறது.

மூட்டுக்கு வரும்போது

இப்போது உத்திரத்தின் முனைக்குப் போவோம். பாடநூலில் அங்கே ஒரு சிறு முக்கோணம் வரைந்திருக்கும். கட்டுமானத் தளத்தில் முக்கோணம் கிடையாது. ஒரு கிளீட் கோணமும் சில போல்ட்டுகளும் இருக்கும். ஒவ்வொரு முனையும் 92 கிலோநியூட்டனைத் தூணிடம் ஒப்படைக்க வேண்டும். பட்டறையில் சாதாரணமாகக் கிடைக்கும் 4.6 தரத்து 20 மி.மீ. போல்ட், மரைப் பகுதியில் ஒரே தளத்தில் வெட்டுப்படுமானால், 45.3 கிலோநியூட்டன் தாங்கும். இரண்டு போல்ட் போட்டால் 90.6. நடுவே தேறிய உத்திரம் முனையில் தவறிவிட்டது. மூன்றாவது போல்ட் கட்டாயம் வேண்டும். கிளீட்டின் முகத்திலிருந்து போல்ட் வரிசை விலகி இருப்பதால் உண்டாகும் திருகலையும் சேர்த்தால், அந்த மூன்றும் போதுமா என்று மறுபடியும் பார்க்க வேண்டும்.

மூட்டின் கணக்கு உறுப்பின் கணக்கைவிடக் கடினமாக இருப்பதற்குக் காரணங்கள் உண்டு. நீண்ட உறுப்பில் தகைவு சீராகப் பரவிச் செல்கிறது. நேவியரின் சூத்திரம் அங்கே நன்றாகப் பொருந்தும். மூட்டிலோ துளை இருக்கிறது, மூலை இருக்கிறது, தகடு திடீரென முடிகிறது. துளையின் விளிம்பில் தகைவு சராசரியைப் போல ஏறக்குறைய மூன்று மடங்காக ஏறும். இழுபடும் போல்ட்டை அதன் தகடு நெம்புகோல் போல நெம்பி, நாம் கணக்கிட்டதைவிடக் கூடுதலாக இழுக்கும். பற்றவைப்பில், உருகி ஆறிய இரும்பு சுருங்கும்போது வெளிச்சுமையே இல்லாமல் தகைவு தங்கிவிடும். ஒரே மூட்டு எத்தனையோ வழிகளில் தோற்கலாம்: போல்ட் வெட்டுப்படலாம், துளை நீளலாம், தகடு கிழியலாம், வரிசைத் துளைகளோடு ஒரு துண்டு பெயர்ந்து வரலாம், மெல்லிய தகடு நெளியலாம். மூட்டின் வலிமை என்பது இவற்றுள் மிகச் சிறியது. ஒன்றைப் பார்க்காமல் விட்டால், அதுவே மிகச் சிறியதாக இருந்துவிடக்கூடும்.

கான்சாஸ் நகரம், 1981

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் உள்ள கான்சாஸ் நகரத்தில், ஹயாட் ரீஜென்சி விடுதி 1980-இல் திறக்கப்பட்டது. அதன் உயர்ந்த முன்கூடத்தில் மூன்று நடைபாலங்கள் கூரையிலிருந்து எஃகுக் கம்பிகளில் தொங்கின. நான்காம் தளப் பாலத்துக்கு நேர் கீழே இரண்டாம் தளப் பாலம். மூன்றாம் தளப் பாலம் சற்றுத் தள்ளித் தனியாக இருந்தது. 1981 ஜூலை 17 மாலை, கூடத்தில் நடன விழா நடந்துகொண்டிருந்தபோது நான்காம் தளப் பாலம் இரண்டாம் தளப் பாலத்தின் மேல் விழுந்தது. இரண்டும் சேர்ந்து கூட்டத்தின் மேல் விழுந்தன. 114 பேர் இறந்தார்கள். 200 பேருக்கு மேல் காயமடைந்தார்கள்.

முதல் வடிவமைப்பில் கூரையிலிருந்து இரண்டாம் தளம் வரை ஒரே கம்பி. அது நான்காம் தள உத்திரத்தைத் துளைத்துக்கொண்டு கீழே செல்லும். ஒவ்வொரு பாலத்தின் அடியிலும் ஒரு நட் அந்தப் பாலத்தைத் தாங்கும். அவ்வளவு நீளக் கம்பியில் நட்டை ஏற்ற நெடுக மரை போட வேண்டும்; தூக்கி நிறுத்தும்போது மரை பழுதாகவும் கூடும். ஆகவே கம்பி இரண்டாக்கப்பட்டது. கூரையிலிருந்து நான்காம் தளத்துக்கு ஒன்று. நான்காம் தள உத்திரத்திலிருந்து இரண்டாம் தளத்துக்கு மற்றொன்று.

கிணற்றுக்குள் தொங்கும் வடத்தை இருவர் பிடித்திருப்பதாக எண்ணிப் பாருங்கள். இருவரும் வடத்தையே பிடித்திருந்தால் ஒவ்வொருவர் கையும் அவரவர் எடையைத் தாங்கும். கீழே உள்ளவர் வடத்தை விட்டு மேலே உள்ளவரின் காலைப் பிடித்தால், வடத்தின் சுமை மாறுவதில்லை. மேலே உள்ளவரின் கைக்கு இரு மடங்கு சுமை வந்துவிடுகிறது. கான்சாஸில் மாறியது இதுதான். வடிவமைப்புச் சுமையின்படி, நான்காம் தள உத்திரத்தின் அடியில் இருந்த நட் ஒரு பாலத்தின் பங்கான 90 கிலோநியூட்டனுக்குப் பதிலாக இரண்டின் பங்கான 181 கிலோநியூட்டனைத் தாங்க வேண்டியதாயிற்று.

அந்த நட் எதன் மேல் உட்கார்ந்திருந்தது? சுமார் 200 மி.மீ. உயரமுள்ள இரண்டு சேனல்களை முகத்தோடு முகம் சேர்த்துப் பற்றவைத்த பெட்டி உத்திரத்தின் மேல். கம்பிக்கான துளை அந்தப் பற்றவைப்பு வழியாகவே போயிற்று. நட்டின் சுமையைப் பரப்பிவிட அடியில் தடித்த தகடு இல்லை. சேனல்களின் உதடுகளைத் தாங்கிப் பிடிக்க ஸ்டிஃப்னரும் இல்லை. சுமை ஏறியபோது மெல்லிய உதடுகள் மேல்நோக்கி வளைந்தன, பற்றவைப்பு பிரிந்தது, நட்டும் வாஷரும் உத்திரத்தின் ஊடாக வெளியேறின. கம்பி அறுபடவில்லை. நாம் முன்பு கணக்கிட்ட 32 மி.மீ. கம்பிக்கு ஏறக்குறைய நிகரான கம்பிதான் அது. அன்று வடிவமைப்புச் சுமை முழுவதும் ஏறியிருக்கவில்லை; கம்பியின் தகைவும் ஏறக்குறைய 120 நியூட்டன்தான். உறுப்பு பிழைத்தது, மூட்டு தோற்றது.

அமெரிக்கத் தேசியத் தர நிர்ணய அமைப்பு அதே போன்ற உத்திரங்களைச் செய்து சோதித்து 1982-இல் அறிக்கை தந்தது. கட்டப்பட்ட மூட்டின் வலிமை, நகர விதி கேட்டதில் சுமார் 30 விழுக்காடு. கம்பியை மாற்றாமல் முதல் வடிவமைப்பின்படியே கட்டியிருந்தாலும் 60 விழுக்காடுதான் இருந்திருக்கும். இந்த இரண்டாவது எண்ணை நம் மாணவர்கள் ஆழ்ந்து எண்ண வேண்டும். கம்பியை மாற்றியது குறையைப் பெரிதாக்கியது. மூல வரைபடத்திலேயே அந்த மூட்டு கணக்கிடப்படாமல்தான் இருந்தது. வடிவமைத்தவர் பட்டறை அதைக் கணக்கிடும் என்று எண்ணினார். பட்டறை அவர் கணக்கிட்டிருப்பார் என்று எண்ணியது. பட்டறை வரைபடத்தில் பொறியாளர் அலுவலகத்தின் ஒப்புதல் முத்திரை விழுந்தது. கட்டுமானத்தின்போதே, 1979 அக்டோபரில், அதே கூடத்தின் கூரையில் ஒரு பகுதி மூட்டுக் கோளாறால் விழுந்திருந்தது. விழாமல் நின்ற மூன்றாம் தளப் பாலத்தின் உத்திரங்களிலும், நட்டுக்கு மேலே எஃகு வளைந்திருந்தது பிறகு தெரிந்தது. பொறுப்பான பொறியாளர்களின் உரிமத்தை மிசௌரி மாநிலம் ரத்து செய்தது.

மின்னியாபொலிஸ், 2007

கான்சாஸுக்குக் கால் நூற்றாண்டுக்குப் பின், 2007 ஆகஸ்ட் 1 மாலை, மின்னியாபொலிஸ் நகரில் மிசிசிப்பி ஆற்றின் மேலிருந்த ஐ-35டபிள்யூ நெடுஞ்சாலைப் பாலம் விழுந்தது. 13 பேர் இறந்தார்கள். 145 பேர் காயமடைந்தார்கள். 1967-இல் திறக்கப்பட்டு 40 ஆண்டுகள் போக்குவரத்தைத் தாங்கிய எஃகு டிரஸ் பாலம் அது. டிரஸ்ஸின் உறுப்புகள் சந்திக்கும் இடங்களில் அவற்றைச் சேர்க்கும் கசெட் தகடுகளுள் சில அரை அங்குலத் தடிமனே இருந்தன. தேவைப்பட்டதில் ஏறக்குறைய பாதி. வடிவமைப்புக் காலத்திலேயே நேர்ந்த பிழை என்று தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் கண்டறிந்தது. ஆண்டுகள் செல்லச் செல்லப் பாலத்தின் மேல் கான்கிரீட் தளம் தடித்தது. விபத்தன்று பழுதுபார்ப்புக்கான மணலும் சல்லியும் எந்திரங்களும் அதே பகுதியில் குவிந்திருந்தன.

பாலத்தின் தாங்கும் திறனை இடையில் மறுமதிப்பீடு செய்தபோதெல்லாம் உறுப்புகளைக் கணக்கிட்டார்கள். உறுப்பைவிட மூட்டு வலிமையாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கையில் கசெட் தகடுகள் அந்தக் கணக்கில் சேர்க்கப்படவில்லை. நாற்பது ஆண்டு யாரும் கேட்காத கேள்விக்குப் பாலமே விடை சொல்லிவிட்டது. 2003-இல் எடுத்த படங்களில் அந்தத் தகடுகள் ஏற்கெனவே புடைத்து வளைந்திருந்தது தெரிந்தது. கண் அதைப் பார்த்திருந்தது. அது எதைச் சொல்கிறது என்று எந்தக் கணக்கும் கேட்கவில்லை.

உருமாற்றம் சொல்லும் செய்தி

உருமாற்றத்தைக் கணக்கிடுவது தொய்வு வரம்பைச் சரிபார்க்க மட்டும்தான் என்று மாணவர்கள் நினைப்பதுண்டு. தகைவை நாம் நேரில் பார்க்க முடியாது. வளைவையும் நீட்சியையும் அளக்கலாம். அளந்ததைக் கணக்கோடு ஒப்பிடும்போதுதான் கட்டமைப்பின் உள்நிலை நமக்குத் தெரிகிறது. ஒப்பிட ஒரு கணக்கு முன்கூட்டியே இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம்.

கனடாவின் கியூபெக் பாலம் இதற்குச் சான்று. செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் குறுக்கே எழுந்துகொண்டிருந்த அந்தப் பாலத்தின் நடு இடைவெளி 488 மீட்டரிலிருந்து 549 மீட்டராக நீட்டப்பட்டது. இடைவெளி கூடியதால் கூடிய சொந்த எடைக்கு ஏற்பத் தகைவுகள் உரிய காலத்தில் மறுபடி கணக்கிடப்படவில்லை. 1907 ஆகஸ்டில், கரைப்பக்கத்துக் கீழ் உறுப்பு ஒன்றின் வளைவு ஒரு வாரத்துக்குள் 19 மி.மீட்டரிலிருந்து 57 மி.மீட்டராக ஏறியதைத் தளத்திலிருந்த இளம் பொறியாளர் நார்மன் மெக்லூர் அளந்தார். அந்த வளைவு பட்டறையிலிருந்து வரும்போதே இருந்ததா, சுமையால் வந்ததா என்று வாதம் நடந்தது. மெக்லூர் நியூயார்க் சென்று ஆலோசகர் தியடோர் கூப்பரைச் சந்தித்தார். இனிச் சுமை ஏற்ற வேண்டாம் என்று கூப்பர் அனுப்பிய தந்தி வேலையை நிறுத்தவில்லை. ஆகஸ்ட் 29 மாலை பாலம் விழுந்தது. 75 தொழிலாளர்கள் இறந்தார்கள். அவர்களுள் 33 பேர் காநவாகே ஊரைச் சேர்ந்த மோஹாக் பழங்குடியினர். தோற்ற அந்தக் கீழ் உறுப்பு தனித்தனித் தகடுகளைக் குறுக்குப் பட்டைகளால் பின்னிச் சேர்த்துச் செய்யப்பட்டது. தகடுகள் வலிமையானவை, அவற்றை ஒன்றாகச் செயல்பட வைக்க வேண்டிய பின்னலும் அதன் ஆணிகளும் மெலிந்தவை. இங்கும் தோற்றது மூட்டுதான். ஆனால் கான்சாஸில் கிடைக்காத ஒன்று இங்கே கிடைத்தது: வளைவை அளந்ததற்கும் பாலம் விழுந்ததற்கும் இடையே இரண்டு நாள் அவகாசம். 57 மி.மீ. என்ற அளவுக்கு என்ன பொருள் என்று உடனே சொல்லக்கூடிய ஒரு கணக்கு அங்கே கையில் இருந்திருந்தால், அந்த இரண்டு நாள் போதுமானதாக இருந்திருக்கும்.

நம் திரையும் நம் பட்டறையும்

இன்று உறுப்புகளின் விசைகளை மென்பொருள் சில நொடிகளில் தருகிறது. அது பெரும் வரம். ஆனால் பெரும்பாலான சட்டகக் கணக்குகளில் மூட்டு ஒரு புள்ளி. அதற்கு நீளமும் இல்லை, தடிமனும் இல்லை, துளையும் இல்லை. ஆகவே அது தோற்பதும் இல்லை. உறுப்புகளெல்லாம் பச்சை நிறம் காட்டினால் வடிவமைப்பு முடிந்தது என்று நினைப்பது, கான்சாஸிலும் மின்னியாபொலிஸிலும் நடந்ததைத் திரையில் மறுபடி செய்வதுதான். மென்பொருளில் ஒரு முனையைத் சுழலாத பிடிப்பு என்று குறித்துவிட்டு, தளத்தில் இரண்டு போல்ட் கிளீட்டை வைத்தால், கணக்கிட்ட கட்டடம் ஒன்று, கட்டிய கட்டடம் வேறொன்று.

நம் விதிநூல் இந்த அபாயத்தை அறிந்தே எழுதப்பட்டிருக்கிறது. எஃகு இளகுவதற்கு அது வைக்கும் பாதுகாப்புக் காரணி 1.10; போல்ட்டுக்கும் பட்டறைப் பற்றவைப்புக்கும் 1.25, தளத்தில் செய்யும் பற்றவைப்புக்கு 1.50. சாரத்தின் மேல் நின்று, காற்றிலும் வெயிலிலும், தலைக்கு மேல் எலெக்ட்ரோடைப் பிடித்து வெல்டர் செய்யும் வேலையை, பட்டறை மேசையில் செய்யும் வேலைக்குச் சமமாக எண்ணாதே என்று அந்த எண் நமக்குச் சொல்கிறது. பட்டறைக்கென்று கணக்கிட்ட பற்றவைப்பைத் தளத்துக்கு மாற்றினால், அதே நீளத்துக்கு ஆறில் ஒரு பங்கு வலிமையைக் குறைத்துக்கொள்ள வேண்டும். துளை நேர்கோட்டில் வரவில்லை என்று கேஸ் கட்டிங்கில் அதை அகலப்படுத்துவதும், போல்ட் கிடைக்கவில்லை என்று ஒரு டாக் வெல்டு வைத்துவிடுவதும் தளத்தில் சிறிய மாற்றங்களாகத் தெரியும். விசைக்கு அவை புதிய வழிகள். புதிய வழிக்குப் புதிய கணக்கு வேண்டும். ஃபிட்டரும் வெல்டரும் இதைக் கேட்கத் தயங்கக் கூடாது. கேட்பவரைத் தாமதம் செய்பவராக நினைக்கும் வழக்கத்தை மேற்பார்வையாளர்களாகிய நாம்தான் கைவிட வேண்டும்.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். உத்திரத்தை வடிவமைக்கச் சொல்லும் ஒவ்வொரு தேர்வு வினாவும் அந்த உத்திரத்தின் முனையில் முடியட்டும். 138-க்கு எதிராக 148 என்று நிற்கும் விடைக்குப் பாதி மதிப்பெண் போதும். மீதிப் பாதியை 92-க்கு எதிராக 90.6 என்று கண்டு, மூன்றாவது போல்ட்டைக் கேட்கும் மாணவருக்குக் கொடுங்கள். பட்டறை வரைபடத்தைப் படிக்கவும், அதில் விசை எந்த வழியாக இறங்குகிறது என்று விரலால் தொடர்ந்து காட்டவும் ஒவ்வொரு பட்டதாரிக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

தொழிலில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது பொறுப்பைப் பற்றியது. கான்சாஸ் மூட்டைக் கணக்கிட உயர்ந்த கணிதம் எதுவும் தேவையில்லை. ஒரு மாணவர் ஒரு மணி நேரத்தில் செய்திருக்கக்கூடிய கணக்கு அது. அதைச் செய்ய வேண்டியவர் யார் என்பது எழுதப்படாமல் போயிற்று. 114 பேரின் உயிர் அந்த எழுதப்படாத இடத்தில்தான் போயிற்று. மூட்டைப் பட்டறை வடிவமைக்கலாம், ஆலோசகர் வடிவமைக்கலாம்; இரண்டுமே ஏற்ற முறைகள்தான். யார் என்பது வேலை தொடங்குமுன் ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டும். மூட்டில் எந்த மாற்றம் வந்தாலும் அது தொலைபேசியில் முடியாமல், அதே நபரின் மேசைக்குத் திரும்பி வர வேண்டும்.

இங்கே அமர்ந்திருக்கும் இளம் பொறியாளர்கள் விரைவில் வரைபடங்களில் கையெழுத்திடப் போகிறார்கள். ஒவ்வொரு மூட்டுக்கும் ஒரு கணக்கும், அந்தக் கணக்குக்கு ஒரு பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டில் எது இல்லாவிட்டாலும் அந்த வரைபடத்தைப் பட்டறைக்கு அனுப்பாதீர்கள்.